நேரில் வந்திருந்து சிறப்பிக்கவும்

"அப்போ எங்கப்பா எங்க?"

"எந்த அப்பா?"

"இன்னா கேள்வி இது? ஒரு ஆளுக்கு எத்தினி அப்பா இருப்பாங்க? கார்டு போட்டு வரச் சொல்லிட்டு இப்ப முழிச்சிகினு நிக்கிறியே! பாடியிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரேன். மாலை வேற வாடிகினு கீது."

இக்னேஷியஸ் பல்லிடுக்கில் கவ்வியிருந்த இரண்டு ஆணிகளையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதிரே நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு கையில் வாழை இலையில் சுற்றிய சாமந்தி மாலை, மறு கையில் தூக்குச்சட்டி. கண்காட்சி தொடங்கி இது மூன்றாவது நாள். உள்ளே கால் வைத்த முதல் பார்வையாளர் இவள்தான். முதல் பார்வையாளரிடம் பேச அவன் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை.

"கார்டைக் காட்டுங்கக்கா."

மஞ்சள் அஞ்சலட்டை. அவனுடைய கையெழுத்துதான். 'உயர்திரு ஏகாம்பரம் அவர்கள், பாடி' என்று விலாசம். பின்பக்கம், 'புதிய கைகள் ஓவிய சிற்பக் கண்காட்சி. தாங்கள் அவசியம் நேரில் வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.' கீழே மண்டபத்தின் விலாசமும், அவன் வேலை செய்யும் ஸ்டுடியோவின் பெயரும்.

"ஏகாம்பரம்ன்றது..."

"எங்கப்பா. போன தையில செத்துட்டாரு. உங்க ஸ்டுடியோலதான் படம் போட்டோம். எங்கம்மா கார்டப் பாத்துட்டு, 'உயிரோட இருக்கச்சயே அந்தாளு ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்ல, இப்பப் போயி கூப்புடறாங்களே'ன்னு ஒரே அழுவ. எங்க வூட்டுக்காரருதான் புரிய வெச்சாரு. படத்தப் பெருசா பண்ணி அங்க மாட்டியிருப்பாங்கடி லோகநாயகி, அமாவாச அதுவுமா மாலைய அங்கயே போட்டுட்டு வந்துடுன்னாரு. எங்க மாட்டியிருக்க?"

இக்னேஷியஸ் கார்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தான்.

கரையான்சாவடியில் ஷவுகத் அலி பாயின் ஸ்டுடியோவில் அவன் ஆறு வருஷமாக இறந்தவர்களை வரைந்துகொண்டிருந்தான். ரேஷன் கார்டு படம், கல்யாணக் கூட்டத்தில் யாருடைய தோளுக்குப் பின்னாலோ பாதி தெரிகிற முகம், சில சமயம் கண் மூடின பிறகு அவசரமாக எடுத்த படம் என்று எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அவன் அதைப் பெரிதாக்கி, வண்ணம் தீட்டி, கண்ணைத் திறந்து, தலை வாரி, வெற்றுடம்புக்குக் கோட்டும் வெறுங்கைக்குக் கடிகாரமும் போட்டுவிடுவான். 'கோட்டு, கடிகாரம் இலவசம்' என்று வாசலிலேயே பலகை உண்டு. ஆர்டர் நோட்டில் இரண்டு பத்திகள். 'படத்தில் இருப்பவர்' பத்தியைப் பாய் முத்து முத்தாக எழுதுவார். படத்துக்குக் கீழே போடும் பெயரில் பிழை வந்துவிடக் கூடாதல்லவா? 'வாங்கிப் போகிறவர்' பத்தியை எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்கியிருப்பார்.

கண்காட்சிக்குக் கூட்டம் வேண்டும் என்று போன வாரம் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து அந்த நோட்டிலிருந்து நாற்பது விலாசங்களைப் பார்த்து எழுதியவன் அவன்தான். எந்தப் பத்தி தெளிவாக இருந்ததோ அந்தப் பத்தியைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

நாற்பது கார்டு. நாற்பதும் இறந்தவர்களுக்கு. அதுவும் ஆடி அமாவாசைக்கு வந்து சேரும்படி.

"படம் ஃப்ரேம் போடப் போயிருக்குதுக்கா" என்றான். ஒரு சின்னப் பொய்தான். அதோடு அவள் போய்விடுவாள் என்று நினைத்தான்.

"எப்ப வரும்?"

"சாயங்காலம் ஆவும்."

"ஆவட்டும். சமைச்சி வெச்சிட்டுத்தான் வந்தேன்" என்று லோகநாயகி முந்தானையை விசிறிக்கொண்டு நடு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இருந்தது அந்தக் கல்யாண மண்டபம். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் சும்மா கிடந்ததை, அம்பத்தூர் எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்த பார்த்தசாரதி கெஞ்சி வாங்கியிருந்தான். மேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்குமான இரண்டு சிவப்பு சிம்மாசனங்கள் யாருக்கோ காத்திருப்பது போல் அப்படியே கிடந்தன. ஏரியிலிருந்து காற்று விடாமல் அடித்தது. தண்ணீரின் வெளிச்சம் ஜன்னல் வழியாக ஏறி வந்து கூரையில் நெளிந்தது. பகலிலேயே மண்டபம் ஏரிக்கு அடியில் இருப்பது போலத் தோன்றும்.

கலைஞர்கள் நான்கு பேர். பார்த்தசாரதி கட்டம் கட்டமாகக் கறுப்பு வண்ணம் அடிப்பவன். பாடியில் லேத் ஓட்டுகிற வேம்புலி, கடைசல் மிஷினிலிருந்து சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலை ஒட்ட வைத்து உருவங்கள் செய்பவன். பூந்தமல்லியிலிருந்து வந்த ஜமீலா, தையல் கடைகளில் மிஞ்சும் ஜாக்கெட் துண்டுகளால் பறவைகள் தைப்பவள். நான்காவது இக்னேஷியஸ்.

அவன் வைத்திருந்தது ஒரே ஒரு படம். 'யாரோ ஒருவர்'. போட்டோவைப் பார்க்காமல் அவன் வரைந்த முதல் முகம். உலகத்தில் எங்கேயும் இல்லாத, ஒருத்தருக்கும் சொந்தமில்லாத ஒரு முகம் வேண்டும் என்று ஒரு வருஷம் உட்கார்ந்து வரைந்தான். இன்று நான்கு மணிக்கு நகரத்திலிருந்து ஞானசௌந்தரி அம்மா வருகிறார். அவர் நடத்தும் ஓவியக்கூடத்தில் தீபாவளிக்கு வைக்கும் கண்காட்சிக்கு, பிடித்தவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார். அதில் பெயர் வந்துவிட்டால் இறந்தவர்களுக்குக் கண் திறக்கிற வேலையை விட்டுவிடலாம் என்று இக்னேஷியஸ் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தான்.

"நீ பொணத்துக்குக் கோட்டு மாட்டறவன் மாமே" என்பான் வேம்புலி. "உனக்கு மனுசன்னா இடுப்பு வரைக்கும்தான். கீழ இன்னா கீதுன்னே உனக்குத் தெரியாது."

அது உண்மைதான். 'யாரோ ஒருவர்'கூட இடுப்போடு நின்றுவிட்டிருந்தார்.

"அட, இதோ கீறாரே!"

இக்னேஷியஸ் திரும்புவதற்குள் லோகநாயகி எழுந்து சுவரருகே போய்விட்டாள். "ஃப்ரேமு போடப் போயிருக்குன்னு பொய் சொன்னியா? மூக்கு அப்படியே அப்பா மூக்கு. கன்னந்தான் கொஞ்சம் உப்பிக் கீது. செத்தப்புறம் நல்லா சாப்புடறாரு போல."

"அக்கா, அது உங்கப்பா இல்ல. அது யாருமே இல்ல."

"யாருமே இல்லாதவருக்கு எதுக்குப் படம் போடுவ?"

ஒரு வருஷமாக அவனையே அவன் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அதற்குள் மாலை ஏறிவிட்டது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வந்துவிட்டன. லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதுபத்தியை ஏற்றினாள். அழுகிறவளைத் தள்ளிவிட அவனுக்குக் கை வரவில்லை.

வாசலில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவரை உதவிக்குப் பார்த்தான். தரையைத் தொடும்படி வெள்ளைத்துணி விரித்த மேசை அது. பார்வையாளர் நோட்டு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு எல்லாம் அதன்மேல் இருந்தன. காலையில் கதவைத் திறந்தபோதே பெரியவர் அங்கே இருந்தார். பார்த்தசாரதி ஏற்பாடு செய்த ஆள் என்று இக்னேஷியஸ் நினைத்துக்கொண்டான். கறுப்புக் கோட்டு, வழித்து வாரிய தலை, லேசாக இடதுபக்கம் திரும்பிய முகம். இந்தப் புழுக்கத்தில் எப்படித்தான் கோட்டைத் தாங்குகிறாரோ! ஆனால் வரவேற்புக்கு அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பது கௌரவமாகத்தான் இருந்தது.

"பெரியவரே, டீ சாப்புடறீங்களா?" என்று ஜமீலா கேட்டாள்.

"வேணாம்மா. போன கார்த்திகையிலேர்ந்து அந்தப் பழக்கமே உட்டுப்போச்சி."

"அமாவாசைக்கு வூட்டுக்குப் போவலியா பெருசு?" என்றான் வேம்புலி.

"எங்களுக்கு நவம்பர்லதாம்பா. இந்த வாட்டி ஆடியிலயே கூப்ட்டாங்க, மரியாதைக்கு வந்தேன்."

"நவம்பர்ல இன்னா, போனஸா?"

பெரியவர் சிரித்தார். காற்று அடித்தது. சுவரில் இருந்த படங்கள் எல்லாம் ஆணியில் அசைந்து டக்டக்கென்று தட்டின.

அந்தச் சத்தத்தோடு வந்து நின்றார் அந்தோணிராஜ். கையில் கார்டு, மெழுகுவர்த்தி, பின்னால் மனைவி ஜெயகுமாரி. நேராகப் போய் 'யாரோ ஒருவர்' முன்னால் நின்றார். முகம் சிவந்தது.

"யார் சார் இங்க பொறுப்பு? எங்க சித்தப்பா முப்பது வருஷம் கோயில் பாடல் குழுவுல பாடினவரு. அவரு நெத்தியில குங்குமம் வெச்சது யாரு?"

"உங்க சித்தப்பாவா?" லோகநாயகி எழுந்து நின்றாள். "யாரப் பாத்து சித்தப்பான்ற? எங்கப்பாவுக்குத் தம்பியும் கெடையாது, பாட்டும் வராது!"

"அந்தக் காதப் பாருங்கம்மா. எங்க குடும்பக் காது அது. இதோ பாருங்க, எனக்கும் அதே."

அவர் தன் காதைத் திருப்பிக் காட்டினார். இக்னேஷியஸ் அந்தக் காதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அதே காதுதான்.

அவனுக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது. ஆறு வருஷத்தில் முந்நூறு முகம் வரைந்த கை. யாருமில்லாத ஒரு முகத்தை வரையச் சொன்னபோது அது பாட்டுக்குப் பழைய முகங்களிலிருந்து எடுத்து எடுத்து வைத்திருக்கிறது. ஏகாம்பரத்தின் மூக்கு, சித்தப்பாவின் காது, இன்னும் யார் யாருடைய உதடோ, தாடையோ. ஒருவருக்கும் சொந்தமில்லாத முகம் என்று அவன் நினைத்தது எல்லோரும் நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஒண்டுக்குடித்தனமாக இருந்தது.

"குங்குமத்தைத் துடைக்கணும்" என்றார் அந்தோணிராஜ்.

"தொட்டுப் பாரு" என்றாள் லோகநாயகி.

இக்னேஷியஸ் இருவருக்கும் நடுவில் புகுந்தான். "ஒரு நிமிஷம். அக்கா, உங்கப்பா மூக்குக்கண்ணாடி போடுவாரா?"

"கெடையவே கெடையாது."

"சார், உங்க சித்தப்பா?"

"அவருக்குக் கழுகுக் கண்ணு."

"அப்ப சரி" என்று அவன் பெட்டியைத் திறந்து தூரிகையை எடுத்தான். ஒரு வருஷம் உழைத்து வரைந்த முகத்தின் மேல் கனமான கறுப்பு ஃப்ரேமில் ஒரு மூக்குக்கண்ணாடியை வரைந்தான். மனசில்லைதான். ஆனால் நான்கு மணிக்குள் இந்த முகம் மறுபடியும் யாருமில்லாததாக ஆகிவிட்டால் போதும். "பாருங்க. இவரு கண்ணாடிக்காரரு. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவாதவரு."

இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து பார்த்தார்கள்.

"ஐயோ, தாத்தா!" என்று வாசலிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

திருமுல்லைவாயிலிலிருந்து பதினோரு பேர் கொண்ட குடும்பம். கைக்குழந்தையைக்கூட விட்டுவிட்டு வரவில்லை. "கண்ணாடியோட அச்சு அசல் தாத்தா!" என்று பதினோரு பேரும் ஒன்றாக விழுந்து கும்பிட்டார்கள்.

"ஆமா, இப்பத்தான் ஞாபகம் வருது" என்றாள் லோகநாயகி மெதுவாக. "கடைசியா ஆஸ்பத்திரியில எங்கப்பாவுக்குக் கண்ணாடி குடுத்தாங்க. நானே மறந்துட்டேன். நீ எப்படிப்பா கண்டுபுடிச்ச?"

"எங்க சித்தப்பாவும் பாட்டு நோட்டு படிக்கறப்ப ரகசியமா போடுவாரு" என்றார் அந்தோணிராஜ். "வெளிய யாருக்கும் தெரியாது."

இக்னேஷியஸ் கண்ணாடியைத் துடைத்து எடுக்கப் பார்த்தான். ஈர வண்ணம் இழுபட்டுக் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்தது. முகம் பத்து வயது மூத்துப்போனது. புதிதாக வந்த இரண்டு குடும்பங்கள் உடனே அழ ஆரம்பித்தன. நிழலை மறைக்க மீசை வைத்தான். ஆவடியிலிருந்து ஒரு விதவை வந்து, "இப்பத்தான் மீசைய எடுத்தேன்னு சொன்னீங்களே" என்று படத்தைச் செல்லமாகக் கடிந்துகொண்டாள்.

மணி மூன்று. எழுபது பேருக்கு மேல் ஒரே படத்தின் முன்னால் நெரித்துக்கொண்டு நின்றார்கள். மாலைகளில் படம் கழுத்து வரை மூழ்கியிருந்தது. ஊதுபத்திப் புகையைக் காற்று மண்டபம் முழுக்கச் சுழற்றியது. அந்தப் புகைக்குள் முகம் ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் திரும்புவதை இக்னேஷியஸ் தன் கண்ணாலேயே பார்த்தான். வரைந்தவன் அவன்தான். ஆனால் இப்போது யாராவது இது யாரென்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

"இது கண்காட்சியா, கருமாதியா?" என்று பார்த்தசாரதி பல்லைக் கடித்தான். "இன்னும் ஒரு மணி நேரத்துல அம்மா வந்துடுவாங்க. உன்னால என் கட்டத்த ஒரு நாயி திரும்பிப் பாக்கல!"

"என் வேலைக்கு முன்னால செருப்ப கழட்டி வெச்சிருக்காங்க மாமே" என்றான் வேம்புலி.

இக்னேஷியஸ் தலையில் கை வைத்துக்கொண்டு வாசல் மேசைக்கு வந்தான். "பெரியவரே, மணி இன்னா?"

பெரியவர் கோட்டுக் கையை விலக்கிக் கடிகாரத்தைக் காட்டினார். பத்து மணி பத்து நிமிஷம். காலையில் கேட்டபோதும் அதையேதான் காட்டியது. பாவம், ஓடாத கடிகாரம். இருந்தாலும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஒருத்தரு மேலயே எல்லாரையும் ஏத்தினா தாங்குமா தம்பி?" என்றார் அவர். "ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சி உடு. இங்கதான் நெறைய கீதே."

"அதெல்லாம் மனுசங்க இல்லியே. இரும்பும் துணியும்தானே?"

"அவங்க தேடிகினு வந்தவங்க மட்டும் இப்ப மனுசங்களா?"

இக்னேஷியஸ் கூட்டத்துக்குள் திரும்பிப் போனான்.

திருமுல்லைவாயில் குடும்பத்தை முதலில் பிரித்தான். "உங்க தாத்தா இன்னா வேல பாத்தாரு?"

"லேத்துல இருந்தாரு."

வேம்புலியின் உருவத்திடம் அவர்களைக் கூட்டிப் போனான். இரும்புச் சுருள்களால் ஆன ஓர் ஆள், தலை கவிழ்ந்து நின்றுகொண்டிருந்தது. முகமே கிடையாது. பதினோரு பேரும் வெகுநேரம் பார்த்தார்கள். மூத்தவள் அந்தச் சுருளை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"தாத்தா வாசனை" என்றாள். "வூட்டுக்கு வந்தா தலையில இந்தச் சுருளு சிக்கிகினு இருக்கும். நாந்தான் எடுத்து உடுவேன்."

மாலை கைமாறியது. வேம்புலி குனிந்து, உருவத்தின் முன்னால் கிடந்த செருப்புகளை ஓரமாக எடுத்து வைத்தான்.

ஆவடி விதவை ஜமீலாவின் துணிக் கொக்கின் முன்னால் நின்றுவிட்டாள். கொக்கின் சிறகில் பச்சையில் மாங்காய்ப் புட்டா போட்ட ஒரு துண்டு. "இது என் ஜாக்கெட்டு. அவரு எடுத்துக் குடுத்தது. தையக்காரன் மிச்சம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டான்."

"மிச்சம் என்கிட்டதாங்க்கா இருந்துச்சி" என்றாள் ஜமீலா.

பார்த்தசாரதியின் பெரிய கறுப்புக் கட்டத்தை யாரிடம் தள்ளுவது என்றுதான் தெரியவில்லை. அந்தோணிராஜ் தானாகவே அங்கே போய் நின்றார். "கழுகுக் கண்ணுன்னு சொன்னேன். ஆனா கடைசி ரெண்டு வருஷம் சித்தப்பாவுக்குப் பார்வையே கெடையாது" என்றார். "அவரு பாத்துகினு இருந்தது இதைத்தான் போல." மெழுகுவர்த்தி கட்டத்தின் கீழே எரிந்தது. சுடரில் கறுப்பு மெல்ல மூச்சு விட்டது. பார்த்தசாரதி நகத்தைக் கடித்துக்கொண்டு, "நான்கூட அந்த அர்த்தத்துலதான் சார் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தன் பொய்க்குத் தானே வெட்கப்பட்டான்.

ஞானசௌந்தரி அம்மா நான்கு மணிக்குக் காரை விட்டு இறங்கியபோது மண்டபமே எழுந்து நின்றது. பெரியவர் மட்டும் எழவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்தே கை கூப்பினார். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். இரும்பு ஆள் கழுத்தில் மாலை. கொக்கின் காலடியில் வடை. கறுப்பின் முன்னால் மெழுகு. யாரும் இதை எல்லாம் எடுத்துவிடத் துணியவில்லை.

"எல்லா மாலையையும் கழட்டிட்டும் பார்த்தேன், என் மனசுக்குள்ள" என்றார் கடைசியில். "அப்பவும் நிக்குது. இது மூணையும் அனுப்பி வைங்க."

வேம்புலி ஜமீலாவைப் பார்த்தான். ஜமீலா பார்த்தசாரதியைப் பார்த்தாள். மூவரும் சேர்ந்து இக்னேஷியஸைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள்.

'யாரோ ஒருவர்' முன்னால் இப்போது லோகநாயகி மட்டும் இருந்தாள். கண்ணாடியும் மீசையும் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முகம் ஈரச் சேறாகக் கிடந்தது.

"காலைல நல்லா இருந்திருக்கும்" என்றார் அம்மா. "ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும் தம்பி. ஏன் இடுப்போட நிறுத்திட்டீங்க?"

"வழக்கங்க. எங்க வேலையில எப்பவும் அதுவரைக்கும்தான்."

"போட்டோவைப் பாக்காதீங்க. ஞாபகத்திலேர்ந்தும் எடுக்காதீங்க. எதிர்ல ஒரு ஆளை நிக்க வெச்சு, தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு படம் போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை வரைக்கும் இடம் வெச்சிருக்கேன்." போகிற போக்கில் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அதோ, அவரை மாதிரி ஒருத்தர் கிடைச்சா விட்டுடாதீங்க. அந்த முகத்தை யாரோ ரொம்ப அக்கறையா செஞ்சிருக்காங்க."

ஆறு மணிக்கு மண்டபம் காலியானது. லோகநாயகி போகும்போது இரண்டு வடையை இக்னேஷியஸின் கையில் வைத்து, "மூக்கு மட்டும் அழிக்காம உட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரும்பு ஆளை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வேம்புலி கிளம்பினான். பார்த்தசாரதி சைக்கிளில் ஏறிக்கொண்டே, "மண்டபத்தைப் பூட்டிச் சாவிய ஆபீஸ்ல குடுத்துடு. உங்க தாத்தாவ பத்திரமா பஸ் ஏத்தி உடு" என்றான்.

"எங்க தாத்தாவா? நீ கூட்டிகினு வந்த ஆளுன்னு இல்ல நான்..."

சைக்கிள் ஏரிக்கரையில் திரும்பிவிட்டது.

உள்ளே இன்னும் வெளிச்சம் இருந்தது. கூரையில் நெளிந்துகொண்டிருந்த தண்ணீர் வெளிச்சம் அசையாமல் நின்றிருந்தது. அப்போதுதான் இக்னேஷியஸுக்கு உறைத்தது. காலையிலிருந்து அடித்த காற்று எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆணியில் ஒரு படமும் தட்டவில்லை.

பெரியவர் மேசைக்குப் பின்னால் அப்படியே இருந்தார். இடதுபக்கம் லேசாகத் திரும்பிய அதே முகம். கோட்டின் கீழ்ப்பகுதி மேசைத்துணியின் வெள்ளையில் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்திருந்தது.

எவர் கூட்டி வந்தால் என்ன? தலையிலிருந்து கால் வரைக்கும் ஓர் ஆள் வேண்டும். எதிரிலேயே இருக்கிறார். இக்னேஷியஸ் பலகையில் தாளைச் செருகினான். கரித்துண்டை எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்சு விடுகிற ஒருவரை வரையப்போகிறான்.

"பெரியவரே, உங்கள ஒரு படம் போடணும். கொஞ்சம் எழுந்து வெளிய வந்து நிக்கறீங்களா?"

"காலையிலேர்ந்து அதுக்குத்தான் தம்பி காத்துகினு கீறேன்" என்றார் பெரியவர். கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு மஞ்சள் அஞ்சலட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். 'உயர்திரு வேதமுத்து அவர்கள், பருத்திப்பட்டு' என்று இக்னேஷியஸின் கையெழுத்தில் இருந்தது. "மத்த வூட்லல்லாம் கார்டப் பாத்துட்டுப் புள்ளைங்க வந்தாங்க. எங்க வூட்ல படத்த மாட்டிட்டுப் பூட்டிகினு போயிட்டாங்க, கார்டப் பாக்கவும் ஆளில்ல, நவம்பர்ல கல்லறத் திருநாளுக்கு வரவும் ஆளில்ல. அதான் நானே வந்துட்டேன்."

இக்னேஷியஸின் விரலிலிருந்து கரித்துண்டு நழுவி விழுந்து உருண்டு, மேசைத்துணிக்கு அடியில் போய் அந்தப் பக்கமாக வெளியே வந்தது. வழியில் எதன்மேலும் இடிக்கவில்லை.

"வர்றப்ப ஆடிக் காத்து தள்ளிகினு வந்து உட்டுடுச்சி, இப்ப காத்து நின்னுபோச்சி, நடந்துதான் போவணும்" என்றார் வேதமுத்து தயக்கத்தோடு. "நீ என்னை இடுப்போட நிறுத்திட்டியே தம்பி, கீழ ரெண்டு காலு மட்டும் போட்டுக் குடுக்கறியா?"